எல்லாக் கருவிக்கும் ஒரே பற்றரி வேண்டும்

சுவிஸ் நகரான ஷ்லீரனில் புது வீட்டுக்குக் குடிபோகும் ஈழத்தமிழர்களாகிய நம்மவர்கள் முதல் வாரத்திலேயே கேட்பது இதைத்தான்: "எந்தக் கம்பனி ட்ரில் வாங்கலாம்?" சாமித்தட்டு பொருத்த வேண்டும், யன்னல் சீலைக்குக் கம்பி போட வேண்டும், ரிவியைச் சுவரில் ஏற்ற வேண்டும். கேட்கப்பட்டவர் தன் வீட்டில் இருக்கும் நிறத்தைச் சொல்வார். போஷ் என்றால் நீலம், டிவால்ட் மஞ்சள், மில்வாக்கி சிவப்பு, மக்கிட்டா கடல்பச்சை. அவர் சொன்னபடி வாங்கி வந்த ட்ரில் பல வீடுகளில் சுவருக்குள் இரண்டு மில்லிமீட்டர் இறங்கி, சூடேறி, நின்றுவிடுகிறது. லிம்மாட் ஆற்றங்கரையில் இருக்கும் இந்த ஊரின் புதிய அடுக்குமாடிகளில் கொங்கிரீட் சுவர்கள் அதிகம். அவற்றில் ஓட்டை விழுமா விழாதா என்பதைத் தீர்மானிப்பது கருவிக்குள் இருக்கும் அடிமுறை. அதைச் சொல்லாமல் பிராண்ட்களை ஒப்பிடுவதில் பயனில்லை.

கடையில் இரண்டு வகை இருக்கும். 'ஷ்லாக்போர்மஷீனே' என்று எழுதியிருப்பதில், பல் வெட்டிய இரண்டு தட்டுகள் ஒன்றையொன்று உரசித் துள்ளுகின்றன. நாம் எவ்வளவு பலமாக அழுத்துகிறோமோ அவ்வளவுதான் அடி விழும். செங்கல் சுவருக்கு அது போதும். 'போர்ஹாமர்' என்பதில் உள்ளே ஒரு பிஸ்டன் ஓடிக் காற்றை அமுக்குகிறது. அமுங்கிய காற்று ஒரு சிறு சுத்தியலை எறிகிறது. அந்தச் சுத்தியல் துளையூசியின் பின்பக்கத்தில் அடிக்கிறது. வீட்டு அளவிலான போர்ஹாமரில் ஓர் அடிக்கு 2 முதல் 3 ஜூல் வரை சக்தி, நிமிடத்துக்கு நாலாயிரம் அடிக்கு மேல். தோள்பட்டையால் தள்ள வேண்டியதில்லை, நேராகப் பிடித்திருந்தால் போதும். கொங்கிரீட்டில் மலிவான கம்பனியின் போர்ஹாமர், விலை கூடிய கம்பனியின் ஷ்லாக்போரைச் சுலபமாக முந்திவிடும். பெயர் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறும் முதல் இடம் இது.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 1990க்கு முன் கட்டிய வீடு என்றால், குளியலறை ஓட்டின் பசையிலும் பழைய தரை விரிப்பின் அடியிலும் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். வீட்டு நிர்வாகத்திடம் கேட்காமல் அங்கே துளை போடாதீர்கள். எந்தக் கம்பனிக் கருவியும் அந்தத் தூசியிலிருந்து உங்கள் நுரையீரலைக் காப்பாற்றாது.

போர்ஹாமரின் வாயில் பொருந்தும் துளையூசியைப் பார்த்தால், அதன் அடிப்பகுதியில் நாலு நீளப் பள்ளங்கள் இருக்கும். எஸ்டிஎஸ் பிளஸ் என்று பெயர். எஸ்டிஎஸ் முறையை 1975இல் கொண்டுவந்தது போஷ். இன்று மக்கிட்டாவின் ஊசி ஹில்ட்டியில் போகும், ஹில்ட்டியின் ஊசி லிடில் கடையின் பார்க்சைட் கருவியில் போகும். 10 மில்லிமீட்டர் தண்டு, ஒரே பள்ளம், ஒரே பூட்டு. திருப்புளி முனைகளும் அப்படித்தான். கால் அங்குல அறுகோணத் தண்டு உலகத்தில் எந்தக் கம்பனியின் வாயிலும் உட்காரும்.

ஜிக்சோ வாளின் கதை இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அது சுவிஸ் கதை. 1946இல் ஆல்பர்ட் கௌஃப்மான் என்ற சுவிஸ் பொறியாளர், தையல் மெசினில் ஊசியைக் கழற்றிவிட்டு ஒரு வாள் அலகைப் பூட்டிப் பார்த்தார் என்பது அந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கதை. சோலோத்தூர்னில் இருந்த சின்டில்லா என்ற கம்பனி அடுத்த ஆண்டே அதை 'லெஸ்டோ' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1954இல் போஷ் சின்டில்லாவைத் தன் கைக்குள் எடுத்தது. பிற்காலத்தில் வாள் செய்யும் வேலை ஹங்கேரிக்குப் போய்விட்டாலும், வாலிஸ் மாநிலத்து மலைக் கிராமமான சங்க்ட் நிக்லௌஸில் அதே கம்பனியின் தொழிற்சாலை இன்றும் ஜிக்சோ அலகுகளைச் செய்கிறது. போஷ் வழக்கத்துக்குக் கொண்டுவந்த, ஆங்கில 'டி' எழுத்து வடிவத் தண்டைத்தான் இன்று ஏறக்குறைய எல்லாக் கம்பனிகளின் ஜிக்சோவும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு கம்பனியின் கண்டுபிடிப்பு, எல்லோருக்கும் பொது. அதனால் யாரும் நட்டப்பட்டுப் போகவில்லை. அலகு விற்றே நல்ல லாபம் பார்த்தார்கள்.

ஆக, வெட்டும் முனையும் துளைக்கும் முனையும் திருகும் முனையும் பொதுவாகிவிட்டன. கருவியின் மறுமுனையில், பற்றரி செருகும் இடத்தில், நிலைமை நேர்மாறு.

பதினெட்டு வோல்ட் பற்றரி எல்லாவற்றிலும் உள்ளே இருப்பது அநேகமாக ஒன்றுதான்: 3.6 வோல்ட் லித்தியம் செல்கள் ஐந்து, தொடராகக் கோர்த்தவை. அதே ஐந்து செல்களை முழுச் சார்ஜில் அளந்தால் இருபது வோல்ட்டுக்கு மேல் காட்டும். அதனால்தான் டிவால்ட் கம்பனி அமெரிக்காவில் 20 வோல்ட் என்று எழுதுவதை ஐரோப்பாவில் 18 வோல்ட் என்று எழுதி விற்கிறது. செல்கள் ஒரே மாதிரி இருக்க, பிளாஸ்டிக் தண்டவாளத்தின் அகலமும் செப்புத் தகடுகளின் இடமும் மட்டும் கம்பனிக்குக் கம்பனி வேறு. போஷ் என்ற ஒரே கம்பனிக்குள்ளேயே, தொழிலாளருக்கான நீலக் கருவியின் பற்றரி வீட்டுக்காரருக்கான பச்சைக் கருவியில் போகாது. ஒரு ட்ரில் வாங்குவது என்பது இன்று ஒரு பற்றரிக் குடும்பத்துக்குள் சம்பந்தம் செய்வது. அடுத்து வாங்கும் வாளும், அரைக்கும் மெசினும், தோட்டத்துக் கத்தரியும் அந்தக் குடும்பத்திலிருந்தே வர வேண்டும்.

இதனால் நட்டப்படுகிறவர் யார் என்று பார்த்தால், கட்டிட வேலைக்காரர் அல்லர். அவர் பற்றரியை ஒவ்வொரு நாளும் வெறுமையாக்கி நிரப்பி, சில ஆண்டுகளில் உழைத்தே தீர்த்துவிடுகிறார். ஹில்ட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1941இல் லிக்டன்ஸ்டைனின் ஷான் ஊரில் தொடங்கிய அந்தக் கம்பனி, கட்டிட நிறுவனங்களுக்கு மாத வாடகைக்குக் கருவி கொடுக்கிறது. பழுதானால் திருத்துகிறது, காலம் முடிந்ததும் புதியது கொடுக்கிறது. அந்த நிறுவனங்களுக்குப் பற்றரியின் வயது ஒரு பிரச்சினையே இல்லை. வீட்டுக்காரரின் கதை வேறு. அவருடைய ட்ரில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு மணித்தியாலம் ஓடும். மீதி நாள் முழுவதும் நிலக்கீழ் அறையில் கிடக்கும். லித்தியம் செல் பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் மூப்படையும்; அடிமட்டம் வரை வெறுமையாகி மாதக்கணக்கில் கிடந்தால் சீக்கிரமே செத்துப்போகும். வேலை செய்து தேயாமல், சும்மா கிடந்தே தீர்ந்துபோன பற்றரிகள் நம் வீடுகளில் எத்தனையோ. மாற்றுப் பற்றரி வாங்கப் போனால் அதன் விலை, பற்றரி இல்லாமல் 'சோலோ' என்று எழுதி விற்கும் கருவியின் விலையை நெருங்கி நிற்கும். மொடல் பழையதாகிவிட்டால் அதுவும் கிடைக்காது. மோட்டார் நன்றாக இருக்கும், கியர் நன்றாக இருக்கும், கருவி குப்பைக்குப் போகும்.

வீட்டு வேலைக்குக் கருவி ஒப்பிடுகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்: பெரிய கருவிகளை வயருடன் வாங்குங்கள். போர்ஹாமர், வட்ட வாள், அரைக்கும் மெசின் ஆகியவை ஆண்டுக்கு நாலைந்து தடவைதான் வெளியே வரும். வயர் உள்ள மெசின் பத்து ஆண்டு பெட்டியில் கிடந்தாலும் செருகியதும் ஓடும். அதில் முதலில் தேய்வது பெரும்பாலும் கார்பன் பிரஷ். பல மொடல்களில் பக்கத்தில் இருக்கும் மூடியைத் திருகித் திறந்து, சில பிராங்குக்கு வாங்கிய புதிய சோடியைப் போட்டுவிடலாம். பிரஷ் இல்லாத புதிய மோட்டார்கள் வலுவானவை, சிக்கனமானவை. ஆனால் அவற்றின் மின்னணுத் தட்டு எரிந்தால் வீட்டில் திருத்த வழியில்லை. விளம்பரம் இந்தப் பக்கத்தைச் சொல்வதில்லை.

பற்றரியுடன் ஒன்றே ஒன்று போதும்: சிறிய திருகு மெசின். அதற்கு 12 வோல்ட் வகையே தாராளம்.

பிராண்ட்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்றும் தெரிந்திருப்பது நல்லது. மில்வாக்கி 1924இல் அமெரிக்காவில் பிறந்த பெயர்; 2005இலிருந்து அது ஹொங்கொங் டிடிஐ நிறுவனத்தின் சொத்து. ரியோபி கருவிகளை விற்பதும் அதே டிடிஐ. டிவால்ட், ஸ்டான்லி, பிளாக் அன்ட் டெக்கர் மூன்றும் ஒரே முதலாளியின் பிள்ளைகள். ஜெர்மனியின் மெட்டாபோவும் ஜப்பானின் ஹிகோக்கியும் ஒரே குழுமம். பார்க்சைட் கருவிகளை லிடில் தானே செய்வதில்லை, வேறு கம்பனிகளிடம் செய்விக்கிறது. மூன்றாண்டு உத்தரவாதம் கொடுக்கிறது. சுவிஸ் சட்டம் 2013இலிருந்து புதிய பொருட்களுக்கு இரண்டு ஆண்டு என்கிறது. போஷ் நீலமும் மெட்டாபோவும் மூன்று ஆண்டு கொடுக்கும், ஆனால் வாங்கி நாலு வாரத்துக்குள் இணையத்தில் பதிந்தால்தான். பதிகிறவர்கள் குறைவு. பெயருக்குக் கூடுதல் காசு கொடுத்துவிட்டு, அந்தப் பெயர் தருகிற உரிமையைப் பதியாமல் விடுவது வீண்.

பொதுப் பற்றரிக்கு முயற்சி நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. மெட்டாபோ 2018இல் சில ஜெர்மன் கம்பனிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரே பற்றரிக் கூட்டணி அமைத்தது. மரவேலை மெசின்களுக்குப் பேர்போன மாஃபெல் அதில் இருக்கிறது. போஷ் தன் பச்சைக் கருவிகளுக்காகக் கார்டெனா முதலியவர்களோடு இன்னொரு கூட்டணி வைத்திருக்கிறது. இவை நல்ல தொடக்கங்கள்தான். ஆனால் பெரிய போட்டியாளர்கள் ஒரே கூட்டணிக்குள் வரவில்லை. மக்கிட்டாவும் டிவால்ட்டும் மில்வாக்கியும் தங்கள் தங்கள் வேலிக்குள்ளேயே இருக்கிறார்கள்.

சட்டம் தலையிட வேண்டிய இடம் இது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28இலிருந்து கைபேசிகளுக்கு ஒரே சார்ஜர் வாய் என்று கட்டாயமாக்கியது. அதே ஆண்டில் வந்த திருத்தும் உரிமைச் சட்டத்தில் சலவை மெசின், குளிர்சாதனப் பெட்டி, தூசி உறிஞ்சி, வெல்டிங் கருவி வரை பட்டியலில் இருக்கின்றன. ட்ரில் இல்லை, வாள் இல்லை. 2023ஆம் ஆண்டின் பற்றரி ஒழுங்குவிதி, பற்றரியைப் பாவனையாளர் கழற்றக் கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. கழற்றிய பற்றரி பக்கத்துக் கம்பனியின் கருவியில் பொருந்த வேண்டும் என்று சொல்லவில்லை. சுவிஸ் ஒன்றியத்தில் இல்லைதான். ஆனாலும் இங்கே விற்கும் கருவிகள் அந்தச் சந்தைக்காகச் செய்யப்பட்டவை. பேர்னும் பிரசல்ஸும் சேர்ந்து கேட்டால் கம்பனிகள் மறுக்க முடியாது.

கம்பனிகள் சொல்லும் காரணம் பாதுகாப்பு. பற்றரியும் கருவியும் வெப்பத்தையும் மின்னோட்டத்தையும் பற்றி ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன, அந்நியப் பற்றரி தீப்பிடிக்கலாம் என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. இணையத்தில் விற்கும் மாற்று அடாப்டர்கள் பலவற்றில் அந்தக் காவல் இல்லை. அவற்றை வாங்காதீர்கள் என்றே நானும் சொல்வேன். ஆனால் அந்தப் பேச்சுமொழியையே பொதுவாக்க முடியாது என்பதற்கு இது காரணமாகாது. இதைவிடக் கடினமான ஒன்றை இந்த நாட்டிலேயே செய்து முடித்திருக்கிறார்கள்.

ஷ்லீரன் ஒரு காலத்தில் ரயில் பெட்டிகளின் ஊர். 'வாகி' என்று ஊரார் அழைத்த வாகன் தொழிற்சாலை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி, சுவிஸ் ரயில்வேக்குப் பெட்டிகளும் கட்டிடங்களுக்கு லிப்ட்களும் செய்து, 1985இல் மூடப்பட்டது. ஈழத்திலிருந்து நம்மவர்கள் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. அந்த வளாகத்தில் இன்று உயிரியல் ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. வாகி செய்த பெட்டி எதுவாக இருந்தாலும் அதன் தாங்கியும் கொளுவியும் சக்கர இடைவெளியும் பொது அளவில் இருந்தாக வேண்டும், ஏனென்றால் அது இத்தாலியப் பெட்டிக்கும் பிரெஞ்சுப் பெட்டிக்கும் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்தப் பொது அளவுகள் தானாக வந்தவை அல்ல. 1882இலும் 1886இலும் பேர்ன் நகரில் ஐரோப்பிய நாடுகள் மாநாடு கூடி, ரயில்களின் தொழில்நுட்ப ஒற்றுமை பற்றி உடன்பாடு செய்தன. ஒன்றையொன்று நம்பாத அரசுகள், தங்கள் படைகளின் நடமாட்டத்தையே ரயிலோடு சேர்த்துக் கணக்குப் போட்ட காலத்தில், ஒரே கொளுவிக்கு ஒப்புக்கொண்டன. ஐந்து செல் பற்றரிக்கு ஒரு பொதுத் தண்டவாளம் வகுப்பது அதைவிடப் பெரிய வேலை அல்ல.

எங்கள் தலைமுறைக்குப் பற்றரி என்ற சொல்லோடு வேறொரு நினைவும் வரும். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குள் வரத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் டோர்ச் பற்றரியும் ஒன்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைச் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட சனம் நாங்கள். எந்தப் பொருளையும் பிரித்துப் பார்த்து, வேறொன்றின் உறுப்பை அதில் பொருத்தி ஓட வைத்த ஊர் அது. அங்கிருந்து வந்தவர்களின் வீட்டில், பிளாஸ்டிக் விளிம்பு ஒன்று பொருந்தவில்லை என்பதற்காக நல்ல மெசின் வீசப்படுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

கைக்கருவிகளுக்கு வந்தால் பிராண்ட் என்பதற்கு உண்மையான பொருள் திரும்பக் கிடைக்கிறது. அங்கே பெயருக்குக் காசு கொடுக்கலாம். எம்மென்டாலில் வாசென் என்ற சிற்றூரில் 1878இல் தொடங்கிய பிபி சுவிஸ் டூல்ஸ் இன்றும் அங்கேயே திருப்புளி செய்கிறது. ஒவ்வொரு கருவியிலும் தனித்தனி எண் பொறித்திருக்கும். மூலப்பொருளிலோ செய்கையிலோ குறை வந்தால் கால எல்லை இல்லாமல் மாற்றிக் கொடுப்பார்கள். நிறத்தைப் பார்த்தே அளவை அறியும் அவர்களுடைய அறுகோணச் சாவிகளை ஒருமுறை பாவித்தவர் வேறு வாங்குவதில்லை. குறடு என்றால் ஜெர்மனியின் வுப்பர்டாலில் 1882இலிருந்து அதை மட்டுமே தொழிலாகக் கொண்ட க்னிபெக்ஸ். மரம் வெட்டும் கத்தரி என்றால் 1945இல் நியோஷாடெல் மாநிலத்தில் தொடங்கிய ஃபெல்கோ. சிவப்புப் பிடி போட்ட அந்தக் கத்தரியின் அலகு, சுருள்வில், ஆணி எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி மாற்றலாம். செதுக்கு உளிக்கு லாங்கென்டாலின் ஃபைல். அரத்துக்கு வல்லோர்ப். நுண்ணிய அரங்களை உலகமே சுவிஸ் வகை என்றுதான் அழைக்கிறது, 00இலிருந்து மேலே போகப் போகக் கொத்து நெருங்கும். நகைப் பட்டறையில் வளர்ந்த எவருக்கும் அந்த எண்கள் தெரிந்திருக்கும்.

திருப்புளி விலை கூடியதாக இருந்தாலும் முனை தவறினால் ஆணி கெட்டுவிடும். இங்கே தளபாடங்களில் வரும் ஆணிகளில் பல போசிட்ரைவ் வகை. பெரிய சிலுவைக்கு இடையில் மெல்லிய கோடுகள் தெரியும். அதில் பிலிப்ஸ் முனையைப் போட்டுத் திருகினால் தலை வழுகிப்போகும். பெட்டியில் பிலிப்ஸுக்கான பிஎச், போசிட்ரைவுக்கான பிஇசட் இரண்டும் இருக்கட்டும், பார்த்து எடுங்கள்.

மலிவு தேடி எல்லைக்கு அப்பால் ஜெர்மனியின் வால்ட்ஸ்ஹூட்டுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2025 ஜனவரியிலிருந்து வரியில்லாமல் கொண்டுவரும் எல்லை ஆளுக்கு 300 பிராங்கிலிருந்து 150க்கு இறங்கிவிட்டது. ஜெர்மன் கருவியின் தடித்த செருகி நம் சுவர் வாயில் நுழையாது. இணைப்பான் தனியாக வாங்க வேண்டும். கணக்குப் பார்த்தால் மிச்சம் அதிகமில்லை.

உண்மையான மிச்சம் பகிர்வதில் இருக்கிறது. பெரும்பாலான வீட்டு விதிகளில் நண்பகல் ஒரு மணித்தியாலம் சத்தம் கூடாது, இரவில் கூடாது, ஞாயிறு முழுநாளும் கூடாது. போர்ஹாமரின் அதிர்வு கொங்கிரீட் வழியே ஆறு மாடிக்கும் போகும். வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு மிஞ்சுவது சனிக்கிழமை மட்டும். ஆண்டில் சில சனிக்கிழமைகளுக்காக ஒவ்வொரு வீட்டு நிலக்கீழ் அறையிலும் ஒரு போர்ஹாமர் கிடப்பதில் நியாயம் இல்லை. பேர்னில் 2012இல் தொடங்கிய பும்பிபும்பே என்ற முயற்சி, கடிதப் பெட்டியில் ஒட்டுவதற்குச் சிறு படங்கள் கொடுக்கிறது: இந்த வீட்டில் ட்ரில் இரவல் கிடைக்கும், ஏணி கிடைக்கும் என்று அயலவருக்குத் தெரிவிக்க. பக்கத்து வீட்டில் அம்மியும் உலக்கையும் கேட்டு வாங்கிய நமக்கு அது புதிய பழக்கமல்ல.

நம் சங்கங்களும் கோவில்களும் தமிழ்ப் பாடசாலைகளும் இதைச் செய்யலாம். மண்டபத்தில் ஏற்கெனவே பெரிய பானைகளும் கதிரைகளும் இரவலுக்கு இருக்கின்றன. அதே அலுமாரியில் வயருடன் ஒரு போர்ஹாமர், ஒரு ஜிக்சோ, ஒரு தூசி உறிஞ்சி, சுவருக்குள் கம்பியும் குழாயும் எங்கே போகின்றன என்று காட்டும் கருவி ஒன்று, எஃப்எஃப்பி 2 முகமூடி ஒரு பெட்டி. 6, 8, 10 மில்லிமீட்டர் துளையூசிகளை எடுப்பவரே சொந்தமாக வாங்கட்டும், அவைதான் தேயும். எடுத்தவர் பெயரும் திகதியும் எழுத ஒரு கொப்பி. கார்பன் பிரஷ் ஒரு சோடி முன்கூட்டியே வாங்கி அலுமாரியிலேயே வைத்துவிட வேண்டும்.